வானத்தில் முப்பத்தேழு தூசி

ராஜாராமனுக்குத் தூசி ஆகாது. தும்மல் வரும், மூக்கடைக்கும் என்கிற வகை ஆகாது இல்லை. இது பகை.

முப்பத்திமூன்று வருடம் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில், இயந்திர வரைபடங்களைப் படமெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். கட்டில் அகலத் தாளைப் பலகையில் மாட்டி, ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற காமிராவால் படமெடுப்பார்கள். நெகட்டிவை விளக்கு மேஜையில் பரப்பி, ஊசிமுனை அளவு புள்ளி இருந்தாலும் சிவப்பு மை தொட்டு அடைக்க வேண்டும். அவர் சேர்ந்த எட்டாம் மாதம், எவனோ அசட்டையாக விட்ட ஒரு தூசி, இருபத்தைந்து என்ற அளவின் நடுவே புள்ளியாகப் போய் உட்கார்ந்து அதை இரண்டரை ஆக்கிவிட்டது. ஒரு லாரி உதிரி பாகம் குப்பைக்குப் போயிற்று. மேலதிகாரி அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தித் திட்டினார். அன்றிலிருந்து, தாளில் கோடு என்று நிச்சயமாகத் தெரியாத எதுவும் ராஜாராமனுக்குத் தூசிதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஹைதராபாத் போலாரம் வீட்டின் முன்னறையைக் காமிரா அறையாக்கிக்கொண்டார். ஊரில் ஓவியம் வரைகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. வரைந்ததை ஒழுங்காகப் படமெடுக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. குகட்பள்ளியிலிருந்தும் உப்பலிலிருந்தும் துணி சுற்றிய படங்களைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார்கள். வந்தவர்களிடம் முதல் பத்து நிமிடம் லென்ஸ் பாடம் நடக்கும். ஜூம் லென்ஸில் எடுத்தால் நேர்க்கோடு தொப்பை போடும், கைப்பேசியில் எடுத்தால் விளிம்பு வளையும், நூறு மில்லிமீட்டர் மேக்ரோ ஒன்றுதான் யோக்கியமானது என்பார். வந்தவர் தலையாட்டுவார். வேறென்ன செய்வார், படம் இவர் கையில் இருக்கிறதே.

இப்படி ஊரார் படங்களையெல்லாம் எடுத்தவர், கட்டிய மனைவி வரைந்த படம் ஒன்றையும் எடுத்ததில்லை. சுப்ரியா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு வருடமாகப் பின்கட்டுப் பால்கனியில் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தாள். நல்ல பொழுதுபோக்கு என்பது ராஜாராமனின் அபிப்பிராயம். சாப்பாட்டு மேஜையில் காய வைத்திருந்தால், ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் தட்டை வைத்துக்கொள்வார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் மாதம், பஞ்சாரா ஹில்ஸில் உள்ள ஒரு கேலரி புதிய ஓவியர்களுக்கான கண்காட்சி அறிவித்தது. மூன்று படங்களின் போட்டோவை அனுப்ப வேண்டும், நடுவர்கள் அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள், கைப்பேசிப் படம் ஏற்கப்படாது. சுப்ரியா இரண்டு நாள் யோசித்தாள். ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் வேண்டுமா என்று யோசித்திருக்கலாம், இந்த மனுஷரிடம் போய்க் கேட்பதா என்றும் யோசித்திருக்கலாம். மூன்றாம் நாள் கேட்டுவிட்டாள்.

"எனக்கும் மூணு படம் எடுத்துக் குடுங்க. ஞாயித்துக்கிழமை கடைசி நாள்."

"அதுக்கென்ன, எடுத்துட்டா போச்சு," என்றார் ராஜாராமன். உள்ளூர சந்தோஷம்தான். தன் கைத்திறமையை வீட்டில் யாரும் கேட்டதில்லை என்று அவருக்கும் ஒரு குறை இருந்தது.

முதலில் எடுத்தது 'மொட்டை மாடி, நாலு மணி' என்ற படம். முக்கால் பங்கு வெறும் வானம், வெளிறிய நீலம். கீழே நெருக்கியடித்த மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் துணிகள். மாடிகளில் இருபது இருபத்தைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹக்கீம்பேட்டையிலிருந்து பயிற்சி விமானங்கள் தினமும் தலைக்கு மேல் பறக்கிற ஊர் இது. விமானத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று ராஜாராமன் முடிவு செய்துகொண்டார்.

"நானும் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டாள் சுப்ரியா.

"நக்கோ, வேண்டாம். நீ மஞ்சள் புடவை கட்டியிருக்க. அதோட நிறம் பேப்பர்ல அடிக்கும். கதவைச் சாத்திட்டுப் போ."

அது பொய் இல்லை. அவரே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டுதான் இந்த வேலைக்கு நிற்பார். சுப்ரியா வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றாள்.

"இருக்கற மாதிரியே எடுங்க. அழகு பண்ண வேண்டாம்."

"நான் என்னிக்கு அழகு பண்ணியிருக்கேன்?" என்றார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. உள்ளதை உள்ளபடி எடுப்பதற்கே பிறந்தவரிடம் சொல்கிற வார்த்தையா அது?

படத்தைப் பலகையில் காந்தத் துண்டுகளால் பொருத்தினார். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டவைத்து, லென்ஸின் பிம்பம் லென்ஸுக்கே நேர் நடுவில் தெரிகிற வரை ஏழடி தள்ளி நின்ற காமிராவை அசைத்து அசைத்துச் சரிசெய்தார். அப்போதுதான் படமும் காமிராவும் ஒன்றுக்கொன்று நேர். பிறகு விளக்குகள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, இரண்டும் நாற்பத்தைந்து டிகிரி சாய்வு. பலகையில் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடித்தார். இருபுறமும் விழுந்த நிழல்கள் ஒரே கருமையாக இருந்தால் வெளிச்சம் சமம். ஒன்று சற்றே கூடுதலாகத் தெரிய, வலது விளக்கை நாலு விரல்கடை பின்னால் தள்ளினார். பென்சிலை எடுத்த பிறகு தாள் முழுவதும் ஒரே சீராக, மேடு பள்ளம் இல்லாமல், எங்கும் ஒரு நிழல் இல்லாமல் இருந்தது. இப்படி ஒரு வெளிச்சத்தை அமைத்துவிட்டால் ராஜாராமனுக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம்.

படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். வானத்தில் தூசி. கடுகில் பாதி கூட இருக்காது, வெள்ளை வெள்ளையாக, ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தது. எழுந்து போய் ரப்பர் பல்பால் தாளை ஊதினார். மறுபடி எடுத்தார். போகவில்லை. பால்கனியில் உட்கார்ந்து வரைந்தால் ஈர வர்ணத்தில் பஞ்சு ஒட்டாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார். பாவம், சொன்னால் வருத்தப்படுவாள். ஒவ்வொரு புள்ளியாக, பக்கத்து நீலத்தை எடுத்து மூடினார். இரண்டு மணி நேரம். தொழிற்சாலைப் பழக்கத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தார்: படம் ஒன்று, திருத்திய புள்ளி முப்பத்தேழு. வானம் பளிச்சென்று ஆனபோது, இவளுக்காக இவ்வளவு பாடுபட்டேன் என்று அவருக்கு ஒரு நிறைவுகூட வந்தது.

சுப்ரியா அந்தப் படத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தாள். உள்ளங்கை அளவுத் திரையில் நீலமும் மாடியும் தெரிந்தன. "கலர் அப்படியே வந்திருக்கு," என்றாள். விண்ணப்பத்தை ராஜாராமன்தான் நிரப்பினார். தொடர்பு எண்ணாகத் தன் நம்பரைப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து அந்த நம்பருக்குத்தான் அழைப்பு வந்தது. கேலரியின் மேலாளர். பெயர் சபீனா. ராஜாராமன் என்ற பெயரைக் கேட்டதும் இங்கிலீஷை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டாள். மேலப்பாளையத்துப் பெண்ணாம், ஹைதராபாத் வந்து நாலு வருடம்.

"சார், மேடத்தோட மொட்டை மாடிப் படம் செலக்ட் ஆயிருக்கு. எண்ணூறு படம் வந்ததுல பன்னெண்டு பேரு. அதுலயும் அழைப்பிதழ் அட்டைக்கே இந்தப் படத்தைத்தான் போடுதோம்."

ராஜாராமன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நடுவர்கள் மூணு பேரும் அதையேதான் பேசுனாங்க சார். அத்தன பேரு அண்ணாந்து பாக்காங்க, மேல ஒண்ணுமே இல்ல. அந்தக் காலி வானம் மனச என்னமோ பண்ணுதுன்னாங்க. மேடத்துக்கிட்ட சொல்லிருங்க. அசல் படம் வியாழக்கிழமைக்குள்ள வந்தாப் போதும்."

சுப்ரியா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ராஜாராமன் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். எண்ணூறு என்றபோது அவள் கை நின்றது. அழைப்பிதழ் என்றபோது முகம் சிவந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவளை அப்படி அவர் பார்த்ததில்லை. கடைசியாக அந்தக் காலி வானத்தைச் சொன்னார்.

"காலி வானமா?" என்றாள்.

"ஹவ், ஆமா. மேல ஒண்ணுமே இல்லாததுதான் விசேஷமாம்."

"மேல பட்டம் இருக்கேங்க. சங்கராந்தி அன்னிக்குப் பாத்து வரைஞ்சது. வானம் பூரா பட்டம்."

அவள் உள்ளே போய் அசல் படத்தை எடுத்துவந்து ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தாள். வெயில் ஒரு பக்கமாகத் தாளைத் தடவிக்கொண்டு விழுந்தது. வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் மயிரிழை நிழல் தெரிந்தது. நிழல் வந்ததும் புள்ளிக்கு நாலு மூலை வந்துவிட்டது. சிலதற்கு வால்கூட இருந்தது. காய்ந்த நீலத்தைப் பிளேடு முனையால் சுரண்டி, அடியிலிருந்த வெள்ளைத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பியிருக்கிறாள். இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் பாய்ச்சி நிழலை ஒழித்த அறையில் அது பஞ்சுத் துணுக்கு. இங்கே ஜன்னலில் அது பட்டம்.

"எத்தனை அழிச்சீங்க?"

"முப்பத்தேழு."

"எல்லாமேதான்," என்றாள்.

ராஜாராமன்தான் வாயைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"ஒண்ணு பண்ணலாம். அதே நீலத்தைக் கலந்து சின்ன பிரஷ்ஷால அடைச்சா, ஒரு மணி நேர வேலை. படமும் போட்டோவும் ஒண்ணாயிடும். நான் பண்ணிக் குடுத்துடறேன்."

அவர் அதை உபகாரமாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. சுப்ரியா படத்தை மெல்ல மேஜைமேல் வைத்தாள்.

"ஆறு வருஷமா இந்த வீட்ல வரையறேன். நீங்க ஒரு தடவை கிட்ட வந்து, இது என்னடின்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. நாளைக்கு அங்க போறோம். நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

மறுநாள் காலை இருவரும் வாடகைக் காரில் போனார்கள். ராஜாராமனின் மடியில் படம். காலடியில் ஒரே ஒரு விளக்கு. பாரடைஸ் சிக்னலில் இருபது நிமிடம் நின்றார்கள். சாதாரணமாக நெரிசலைப் பற்றி அவர்தான் புலம்புவார், அன்றைக்குப் படத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சபீனா முப்பது வயதுப் பெண். படத்தை நீள மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "அதேதானே சார்," என்றாள். கேலரிக் கூரையில் வரிசையாக விளக்குகள், எங்கும் ஒரே சீரான வெளிச்சம். ராஜாராமன் அந்த விளக்குகளை அணைக்கச் சொன்னார். தன் விளக்கை மேஜை உயரத்துக்கு இறக்கி, ஓரத்திலிருந்து தாளின் மேல் படுகிற மாதிரி வைத்துப் போட்டார். பட்டங்கள் வந்தன. பிறகு, தான் செய்ததைச் சுருக்காமல், பூசி மெழுகாமல் சொன்னார். ஒரு குற்றப் பத்திரிகையைப் போல அத்தனையும் வரிசையாக வந்தது.

சபீனா கைப்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தவள் மேஜையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மூணு பேருகிட்டயும் பேசிட்டேன். அவங்க தேர்ந்தெடுத்தது காலி வானத்த. அதனால ஒரு வழி சொல்லுதாங்க. போட்டோவையே பெரிய பிரிண்ட்டா போட்டு மாட்டலாமாம். ஓவியம் மேடம், புகைப்படம் நீங்கன்னு ரெண்டு பேரு பேரும் போட்டு. இந்தப் பட்டமெல்லாம் அழிஞ்சு போன கதையவும் கீழ எழுதலாம்னு ரொம்ப ஆசப்படுதாங்க."

ராஜாராமனுக்கு ஒரு நொடி மனம் குளிர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, குளிரத்தான் செய்தது. மற்றவர் போட்ட கோட்டையே வாழ்நாள் முழுவதும் நகல் எடுத்த மனிதனின் பெயரைக் கண்காட்சிச் சுவரில் போடுகிறேன் என்கிறார்கள். பக்கத்தில் சுப்ரியாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் குளிர்ச்சி வெட்கமாக மாறியது.

"அது படம் இல்லம்மா, என்னோட கைத்தப்பு. அதை மாட்டக் கூடாது," என்றார்.

"மேடம் என்ன சொல்லுதீங்க?"

சுப்ரியா விரலை மடக்கி மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லணும். இவர் எதையும் அழிக்காம, இந்தப் படத்தை இருக்கற மாதிரியே அனுப்பியிருந்தா, எடுத்திருப்பீங்களா?" என்றாள்.

சபீனா ராஜாராமனைப் பார்த்தாள். அவர் எந்த உதவியும் செய்கிற நிலையில் இல்லை.

"எடுத்திருக்க மாட்டாங்க மேடம்," என்றாள்.

சுப்ரியா தலையசைத்தாள். அழவில்லை. ராஜாராமன் அவள் கையைத் தொடலாமா என்று பார்த்தார், தைரியம் வரவில்லை.

"அப்ப, செலக்ட் ஆயிருக்குன்னு நீங்க சொன்னதை வாபஸ் வாங்கிக்கோங்க," என்றாள் சுப்ரியா. "எனக்கு வேற ஒரு கடிதம் வேணும். இந்தப் படத்தைப் பாத்தோம், தேர்வாகலைன்னு எழுதிக் குடுங்க. நேத்து வந்த பாராட்டு என் படத்துக்கு வந்தது இல்ல. இது என் படத்துக்கு வர்ற பதில். இல்லைன்னு இருந்தாலும் பரவாயில்ல, அதை எனக்குக் குடுங்க."

இப்படி ஒரு வேண்டுகோளை சபீனா கேட்டதே இல்லை போலிருக்கிறது. யோசித்துவிட்டு, "அப்படின்னா நான் ஒழுங்காப் பாக்கணும். பாக்காம எழுத முடியாது," என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜாராமனின் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு மாடியாகப் பார்த்தாள். பத்து நிமிடம் இருக்கும்.

"எல்லாரும் அண்ணாந்து பாக்காங்க. இந்த ஒருத்தரு மட்டும் எதுக்குக் குனிஞ்சிருக்காரு?"

அவள் விரல் வைத்த இடத்தில், வலதுபுற மாடி ஒன்றில், பிளாஸ்டிக் நாற்காலியில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் மடியில் எதையோ வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கால் அங்குல உயரம்.

"அது இவர்தான்," என்றாள் சுப்ரியா, சாதாரணமாக. "சங்கராந்தி அன்னிக்கு மாடிக்குக் கூப்பிட்டேன். வந்தார். வந்து லென்ஸ் துடைச்சிட்டிருந்தார்."

ராஜாராமன் குனிந்து பார்த்தார். இந்த மனிதனை அவருக்குத் தெரியும். கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கி, இவனுடைய மூக்குக் கண்ணாடியின் விளிம்பை வைத்துத்தான் படம் துல்லியமாக இருக்கிறதா என்று சோதித்தார். ரொம்பத் துல்லியம் என்று திருப்தியும் பட்டார். அது யார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சபீனா கணினியில் எழுதி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கடிதம் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'உங்கள் மொட்டை மாடி, நாலு மணி ஓவியத்தை நேரில் பார்த்தேன். பட்டங்களைச் சுரண்டியிருக்கும் விதம் அருமை. ஆனால் ஆட்கள் அதிகம், நிமிர்ந்த தலைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. குனிந்திருப்பவர் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். இந்த வருடக் கண்காட்சிக்கு இது தேர்வாகவில்லை.'

திரும்பும் வழியில் சுப்ரியா அதை இரண்டு தடவை படித்தாள்.

"தலைங்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. அவ சரியாத்தான் சொல்லியிருக்கா," என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அழைப்பிதழ் என்று கேட்டபோது இருந்த சிவப்பு இப்போது முகத்தில் இல்லை. ஆனால் அவள் அமைதியாக இருந்தாள். அந்த நாலு வரியில் ஒரு வரியைக்கூடத் தன்னால் எழுதியிருக்க முடியாது என்பது ராஜாராமனை அறுத்துக்கொண்டிருந்தது. சபீனா பத்து நிமிடம் பார்த்தாள். தான் பார்த்தது இரண்டு மணி நேரம்.

டேங்க் பண்ட் தாண்டியதும் அவர் கேட்டார்.

"சுப்ரியா, மத்த ரெண்டு படத்துல என்ன இருக்கு?"

"நீங்கதானே எடுத்தீங்க."

"எடுத்தேன். என்ன இருக்குன்னு தெரியல."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போனதும் எடுத்து வெக்கறேன்," என்றாள். "உக்காந்து பாருங்க."